கே. பி. சுந்தராம்பாள் பாடகி மட்டும்தானே, அவரைச் சிறந்த நடிகை என்று ஏன் சொல்கிறார்கள்?

"பாடகி மட்டும்தானே" என்ற சொல்லைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் அவருடைய படங்களைத் தொலைக்காட்சியில் பாட்டுக் காட்சிகளாக மட்டுமே பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தவருக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

எனக்குத் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம். அப்பா பாரதக் கூத்தில் திரௌபதி வேடம் கட்டுபவர். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, ஆண்டு விழாவில் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் நாடகம் போட்டார்கள். பழைய தகடூர் எங்கள் தர்மபுரிதான். (சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்பது எனக்கும் தெரியும், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) எனக்கு ஔவை வேடம், புறநானூற்றின் 91ஆம் பாடலை விருத்தமாகப் பாட வேண்டும். நிமிர்ந்து நின்று நன்றாகப் பாடிய எனக்கு, கோலை ஊன்றிக் குனிந்ததும் இரண்டாம் அடியிலேயே மூச்சு அறுந்தது. "கெழவிக்கு ஏது பாப்பா அவ்ளோ மூச்சு? கோலை மாத்தி ஊனுற எடத்துல மூச்சை வாங்கு, பாக்கறவங்களுக்குத் தள்ளாமைன்னு தெரியும்" என்றார் அப்பா. பத்து நாள் மாட்டுக் கொட்டகையில் அதையே பழகினேன். விழாவில் நடிப்புப் பரிசை அதியமானாக வசனம் பேசிய பையனுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பாட்டுப் பரிசு என்று ஓர் எவர்சில்வர் டம்ளர். பொறாமையில் எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம், அவன் நன்றாகவே நடித்தான். ஆனால் பாடிக்கொண்டே நான் செய்ததை நடிப்பு என்று ஒருவரும் பார்க்கவில்லை என்பது இன்றுவரை ஆறவில்லை.

சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அந்தக் கால மேடையில் பாட்டு நடிப்புக்கு இடையே வருவதன்று, பாட்டேதான் நடிப்பு. அவரும் அவர் கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடித்த வள்ளி திருமணத்தில் வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்வதே பாட்டில்தான்; எதிரில் இருப்பவர் பாடியதைக் காதில் வாங்கிய மாத்திரத்தில் கோபத்தையும் நாணத்தையும் குரலிலேயே ஏற்றி, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசை வரை சேர்க்க வேண்டும். 1933இல் கிட்டப்பா மறைந்த பிறகு வெள்ளைச் சேலைக்கு மாறியவர், ஆண்களுக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று, பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக ஆண் வேடமே ஏற்றார். அந்தப் படத்தில் அவர் நடிப்பை அன்றே குறை சொன்னார்கள். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அவர் ஔவையாக நடித்து 1953இல் வந்த ஔவையாரையும், 1965இல் வந்த திருவிளையாடலையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். திருவிளையாடலில், கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளை முருகனை ஒரு பாட்டி சமாதானம் செய்கிறாள். பாட்டை எடுத்துவிட்டால் அங்கே காட்சியே இல்லை. இருந்தும், துணைவன் படத்துக்காக அவருக்குக் கிடைத்த தேசிய விருது சிறந்த பின்னணிப் பாடகி என்றே வந்தது.

அடுத்த முறை ஔவையாரைப் பார்க்கும்போது ராகத்தைச் சற்று விட்டுவிட்டு, அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.