சதை துடிப்பதை விடுங்கள், செருப்பு கழல்கிறதா?

கேள்வி: வயது 36. யாங்கோனில் தையல் வேலை செய்கிறேன். மூன்று வாரமாகக் கெண்டைக்கால் சதையும் இடது கண் இமையும் தானாகத் துடிக்கின்றன. தீபாவளித் துணி நிறைய இருப்பதால் தூக்கம் குறைவு. போனில் தேடினால் ஏதேதோ நரம்பு வியாதி வருகிறது. மருந்துக்கடையில் பி விட்டமின் ஊசி வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

பதில்: நீங்கள் பெயர் சொல்லாமல் பயப்படுவது, சதையை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செத்துப்போகும் ஏ.எல்.எஸ். நோய்க்குத்தான். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வருவது அது. வந்தால் சதை துடிப்பதோடு நிற்காது. பலம் குறைந்துகொண்டே போகும், சதை வற்றும். உங்கள் கடிதத்தில் பலக்குறைவு என்ற பேச்சே இல்லை.

பகலெல்லாம் மெஷினை மிதித்து, ராத்திரி டீ குடித்துக் கண் விழித்தால் கெண்டைக்கால் துடிக்கத்தான் செய்யும். கண் இமையும் அப்படியே. சில வாரத்தில் அடங்கிவிடும். கண்ணோடு கன்னமும் வாய் ஓரமும் சேர்ந்து இழுத்தால் மட்டும் காட்டுங்கள்.

கவனிக்க வேண்டியது பலத்தை. என்னிடம் வந்த ஒரு பெரியவர் துடிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது வலது கால் செருப்பு மட்டும் கழன்று விழுகிறது, புதுச் செருப்பு வாங்கியும் அப்படித்தான் என்றார். குதிகாலால் நடக்கச் சொன்னேன். இடது பாதம் தூக்கி நின்றது, வலது பாதம் தொப்பென்று தரையில் படிந்தது. முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருந்தது. அதுவும் ஏ.எல்.எஸ். இல்லை, ஆனால் உடனே பார்க்க வேண்டியது.

நீங்களும் பத்தடி குதிகாலால் நடந்து பாருங்கள், அப்புறம் நுனிக்காலால். கத்தரி பிடிக்கும் கை முன்பைவிடச் சீக்கிரம் ஓய்கிறதா? பட்டன் போட விரல் தடுமாறுகிறதா? ஒரு கால் மற்றதைவிட மெலிந்திருக்கிறதா? பேச்சு குழறுகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். யாங்கோன் பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். திடீரென்று வாய் கோணினாலோ ஒரு கை விழுந்துவிட்டாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

அந்த ஊசி விஷயம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. யார் கேட்டு எழுதிய மருந்து அது? பி விட்டமின்களில் ஒன்றான பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கை கால் மரத்துப்போகும். இன்றே நிறுத்துங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு டீ வேண்டாம், ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். தீபாவளி முடிந்த பிறகும் துடிப்பு நிற்கவில்லையென்றால் அருகில் உள்ள டாக்டரிடம் தைராய்டு, கால்சியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அந்த ஊசிமருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.