நியோவில் முதல் தீவையே தாண்ட முடியவில்லையா? கீ கோட்டைப் பாருங்கள்

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பிஎஸ்4இல் நியோ என்ற சாமுராய் சண்டை கேமைத் தொடங்கியிருக்கிறேன். லெவல் ஏற்றினேன், பெரிய கவசமும் போட்டேன். ஆனாலும் முதல் தீவான ஐல் ஒஃப் டீமன்ஸில் ஒரு யோக்காய் (ஜப்பானியப் பேய்) வந்தாலே செத்துப்போகிறேன். பிளொக் பண்ணியும் அடி விழுகிறது. இந்த கேம் எனக்குச் சரிவராதா?"

சரிவரும் தம்பி. நீங்கள் உயிர்க்கோட்டையே பார்த்துக்கொண்டு விளையாடுகிறீர்கள், அதற்குக் கீழே தெம்பைக் காட்டும் கீ கோட்டைக் கவனிப்பதில்லை. இந்த கேமில் வெட்டினாலும் உருண்டாலும் ஓடினாலும் கீ குறையும், பிளொக்கில் வாங்கும் ஒவ்வொரு அடிக்கும் குறையும். அது முடிந்த நேரத்தில் அடி விழுந்தால் கேமின் நாயகன் வில்லியம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், கொன்ட்ரோலரைப் போட்டு உடைத்தாலும் அசைய மாட்டான். கோணேசர் கோவில் ஏற்றத்தில் சைக்கிளை விடாமல் மிதித்து உச்சிக்கு வந்தவனிடம் ஒருவன் சண்டைக்கு வந்தால் என்ன நடக்கும்? அதேதான். ஐந்தாறு வெட்டில் கீயைக் காலி செய்துவிட்டுப் பிளொக் பிடிக்கிறீர்கள், அதனால்தான் ஒரே அடியில் உடைகிறது. எதிரி கட்டிப்பிடித்துத் தூக்க வந்தால் மட்டும் பிளொக் எப்போதும் உதவாது, விலகத்தான் வேண்டும்.

(இந்த வில்லியம், 1600இல் ஜப்பானில் கரையேறிய ஆங்கில மாலுமி வில்லியம் அடம்ஸை வைத்து உருவாக்கிய ஆள். 60 வருடம் கழித்து நம் கொட்டியாரக் குடாவில் ரொபர்ட் நொக்ஸ் என்ற இன்னொரு ஆங்கில மாலுமி கண்டி ராஜாவின் ஆட்களிடம் பிடிபட்டான். அந்தக் கதையை யாராவது கேமாகச் செய்தால் நான்தான் முதலில் வாங்குவேன்.)

கீ காலியாவதற்கு மருந்து கீ பல்ஸ் என்ற உத்தி. வெட்டி முடிந்ததும் வில்லியத்தைச் சுற்றி ஒளித்துகள்கள் கூடி உடம்பை நோக்கி வரும், அவை வந்து சேரும் நேரம் பார்த்து ஆர்1ஐ அழுத்தினால் செலவான கீ உடனே திரும்பிவிடும். முந்தினால் கொஞ்சம்தான் கிடைக்கும், பிந்தினால் ஒன்றும் இல்லை. ஷ்ரைனுக்கு (செத்தால் திரும்ப எழும் இடம்) பக்கத்தில் எதிரி இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு வெட்டு, ஆர்1, மறுபடி இரண்டு வெட்டு, ஆர்1 என்று கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் லெவல் ஏற்றி அலைவதைவிட இதில் பலன் அதிகம். யோக்காய்கள் தரையில் விரிக்கும் கறுப்புக் குட்டைக்குள் நின்றால் கீ ஊறுவதே மந்தமாகிவிடும், அதைக் கரைப்பதும் இதே கீ பல்ஸ்தான். அப்புறம் சாமுராய் ஸ்கில் புள்ளி கிடைத்ததும் முதலில் ரன்னிங் வாட்டர் என்ற திறனை எடுங்கள், விலகும்போதே பல்ஸ் ஆகிவிடும்.

ஹை ஸ்டான்ஸில் (ஆயுதத்தை உயர்த்தி நிற்கும் நிலை) ஒரு வெட்டிலேயே பாதி உயிரைப் பறிக்கலாம் என்ற ஆசையில் எல்லோரும் அதிலேயே நிற்கிறார்கள், கீயைக் குடிப்பதும் அதுதான். பிளொக் பிடித்து விளையாடுகிறவருக்கு மிட் (நடு நிலை) நல்லது, ஆர்1ஐப் பிடித்துச் சதுரத்தை அழுத்துங்கள். யோக்காய் என்றால் லோ (தாழ்ந்த நிலை), அதற்கு ஆர்1உடன் எக்ஸ். அடி சின்னதாக இருந்தாலும் சட்டென்று விலகலாம்.

அந்தப் பெரிய கவசத்தைக் கழற்றிவிடுங்கள். எடை 70 சதவீதத்தைத் தாண்டினால் வில்லியத்தின் அசைவே கனத்துவிடும். லெவல் ஏற்றுவதென்றால் ஹார்ட் என்ற பண்புக்குக் கொஞ்சம் போடுங்கள், கீ கோடு நீளும். சிவப்பாக ஒளிரும் கல்லறைகளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

எதிரிக்கும் கீ உண்டு என்பதைப் பலர் பார்ப்பதில்லை. மனித எதிரியின் கோடு காலியானதும் முக்கோணத்தை அழுத்தினால் பெரிய அடி ஒன்று இலவசம். யோக்காயின் கோடு காலியானால் உங்கள் ஒவ்வொரு வெட்டுக்கும் அது தடுமாறும், ஹை ஸ்டான்ஸுக்கு மாற வேண்டிய நேரம் அதுதான்.

தீவின் கடைசியில் கப்பலுக்குள் ஒன்ர்யோகி என்ற பெரிய யோக்காய் நிற்கும், இரண்டு கையிலும் சங்கிலியில் இரும்புக் குண்டு. தூரத்தில் நின்றால் குண்டு வந்து விழும், ஆகவே கிட்டப் போய் அது வீசி முடித்த பிறகு முதுகுப் பக்கமாக இரண்டு வெட்டு, பல்ஸ், விலகல். மூன்றாவது வெட்டுக்குக் கை அரிக்கும், கொடுக்காதீர்கள். உயிர் பாதிக்கு இறங்கியதும் குண்டுகளை விட்டுவிட்டு வெறும் கையோடு பாய்ந்து வரும், உயிரை ஏற்றும் எலிக்ஸிர் ஒன்றாவது அதுவரை மிச்சம் வையுங்கள்.