மர்மக்கதைக்கு அண்ணன் பெயர் எதற்கு?

கேள்வி: பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். மர்மக்கதையும் அறிவியல் கதையும் எழுதுகிறேன். "பெண்கள் குடும்பக் கதை எழுதினால்தான் எடுபடும், அப்படியே எழுதினாலும் ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று இருக்காதே" என்கிறார் எங்கள் எழுத்தாளர் வட்டத்தின் மூத்தவர் ஒருவர். கதைகளை அண்ணன் பெயரில் அனுப்பட்டுமா?
– வாசகி, பினாங்கு

பதில்: சகோதரி, அண்ணன் பெயர் வேண்டாம், இரண்டில் ஒன்றைக் கைவிடவும் வேண்டாம். இவ்விரு வகைக் கதைகளையும் எழுதியே வாழ்ந்து காட்டிய லீ பிராக்கெட் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி நீங்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

1915இல் லாஸ் ஏஞ்சல்சில் பிறந்த அவருடைய முதல் அறிவியல் கதை 1940இல் அச்சேறியது. மலிவு விலைப் பத்திரிகைகளுக்குச் செவ்வாய்க் கிரகக் கதைகளை எழுதிக்கொண்டே, 1944இல் துப்பறியும் நாவல் ஒன்றையும் வெளியிட்டார். அதன் உரையாடல்களில் மனம் பறிகொடுத்த இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், எழுதியவர் ஆண் என்றே எண்ணி 'அந்த ஆளை' அழைக்கச் சொன்னார். வந்து நின்றவரோ ஓர் இளம்பெண். ஆயினும் வேலை அவருக்கே கிடைத்தது. நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் போன்றோருடன் சேர்ந்து 'தி பிக் ஸ்லீப்' படத்தின் திரைக்கதையை எழுதினார். ஆண்பெயர் போல் ஒலித்ததால்தானே கதவு திறந்தது என்று உங்கள் மூத்தவர் வாதிடக்கூடும். லீ என்பது அவருடைய இயற்பெயர்தான். அவர் பெண் என்று தெரிந்த பின்னரும் 'ரியோ பிராவோ' உள்ளிட்ட படங்களுக்கு ஹாக்ஸ் அவரையே திரும்பத் திரும்ப அழைத்தார் என்பதை மூத்தவரிடம் சொல்லுங்கள்.

திரைப்பட வேலைக்கு அழைப்பு வந்தபோது வெள்ளிக் கிரகக் கதை ஒன்று பாதியில் நின்றது. அதை இளம் எழுத்தாள நண்பர் ரே பிராட்பரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பிராட்பரி எழுதி முடிக்க, 1946இல் இருவர் பெயரிலும் அது வெளிவந்தது. பிராக்கெட் அத்துடன் அறிவியல் கதைக்கு முழுக்குப் போட்டுவிடவில்லை. 1955இல் வந்த 'தி லாங் டுமாரோ' நாவலில், அணுப்போருக்குப் பின் பெரிய ஊர்களையே சட்டம் தடைசெய்துவிட்ட அமெரிக்காவில், மறைந்து கிடக்கும் ஓர் ஊரைத் தேடி இரு சிறுவர்கள் புறப்படுகிறார்கள். அந்த ஊர் உண்மையில் இருக்கிறதா என்ற மர்மமே நம்மைப் பக்கம் பக்கமாக இழுத்துச் செல்கிறது. துப்பறியும் கதையில் பழகிய கை அது என்பது என் கருத்து. மறு ஆண்டு அறிவியல் கதைகளுக்கான ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் அந்நாவல் இடம்பெற்றது.

உங்களிடமும் அதற்கான சரக்கு இருக்கிறது. தொழிற்சாலையின் தூசி புகாத அறையில், தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி அணிந்து, கண்கள் மட்டுமே தெரிய இரவு ஷிப்டில் நிற்பவர்களுள் குற்றவாளி யார் என்று ஒரு கதை தொடங்கினால், அதை மர்மக்கதை என்பதா, அறிவியல் கதை என்பதா? எதுவென்றாலும் அந்த அறைக்குள் நின்று வேலை பார்த்த உங்களைப் போல் அதை வேறு யார் எழுத முடியும்?

பெயரைப் பொறுத்தவரை நம்மவர் ஒருவரே போதும். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய வை.மு. கோதைநாயகி அம்மாள், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தம் சொந்தப் பெயரிலேயே எழுதினார். நீங்களும் ஒரு மர்மக்கதை, ஓர் அறிவியல் கதை இரண்டையும் முடித்து, உங்கள் பெயரிலேயே வெவ்வேறு ஞாயிறு மலர்களுக்கு அனுப்புங்கள். பதிலுக்குக் காத்திராமல் மூன்றாவது கதையைத் தொடங்கிவிடுங்கள்.