முதுமையைத் தள்ளிப்போட முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு 64 வயது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். இது போதாதா?

நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. நடை இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நல்லது. தொடைத் தசை கரைவதை அதனால் தடுக்க முடியாது. முப்பது வயதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. பலம் அதைவிட வேகமாகக் குறையும். சட்டென்று விசை தருகிற வேக இழைகள்தான் முதலில் மெலிகின்றன. கால் இடறும்போது விழாமல் தாங்கிப் பிடிப்பவையும் அவைதான்.

முதலில் சோதித்துப் பாருங்கள். உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து நின்று உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசைப் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். 2019-இல் ஐரோப்பிய நிபுணர் குழு வகுத்த அளவு இது.

பிறகு வாரம் இரண்டு நாள், இடையில் 48 மணி நேரமாவது விட்டு, பளுப் பயிற்சி. உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது, குதிகாலை உயர்த்துவது ஆகிய ஐந்தும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 முறை. இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து மீண்டும் ஒரு சுற்று. சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறைதான் முடியும் என்று தோன்றுகிற பளுவே சரியான பளு. 12 முறை எளிதாகிவிட்டால் பளுவைக் கொஞ்சம் கூட்டுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: அதே ஒரு கிலோ டம்பெல்லையே வருடக்கணக்கில் தூக்குவார்கள், புதிய சுமை வராததால் தசைக்கு வளர வேண்டிய தேவையே எழாது. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். மூச்சை வெளியே விட்டபடியே தூக்குங்கள்.

இந்த வயதில் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். மொத்தத்தையும் ஒரே வேளையில் சாப்பிடாமல், மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவுதான்.

உமிழ்நீர்ப் பரிசோதனையில் என் ‘உயிரியல் வயது’ 51 என்று வந்தது. மூன்று மாதம் ஒரு மாத்திரை சாப்பிட்டதும் 46 ஆகிவிட்டது. மாத்திரை வேலை செய்கிறதா?

அப்படி முடிவு கட்ட முடியாது. டி.என்.ஏ-வின் மீது ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளை எண்ணி வயதைக் கணிக்கும் முறை இது. ஆய்வாளர் ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் டி.என்.ஏ-வின் 353 இடங்களை வைத்து இப்படியொரு வயதுக் கடிகாரத்தை உருவாக்கினார். பெரும் கூட்டத்தை ஆராய அருமையான கருவி. ஆனால் ஒருவரிடம் எடுத்த அதே பரிசோதனை மாதிரியை இரண்டு முறை சோதித்தாலே சில கடிகாரங்களில் ஒன்பது ஆண்டு வரை வித்தியாசம் வந்திருக்கிறது. அப்படியிருக்க, ஐந்து ஆண்டு இறங்கியது அளவீட்டின் ஆட்டமாகவே இருக்கலாம். உமிழ்நீரில் வெள்ளை அணுக்களும் வாயின் தோல் செல்களும் கலந்திருக்கும் விகிதம் மாறினாலும் எண் மாறும்.

ராபமைசின் ஆயுளை நீட்டிக்கிறது என்கிறார்களே, சாப்பிடலாமா?

எலியின் ஆயுளை நீட்டித்தது உண்மை. 1964-இல் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாதான் இந்த மருந்தின் மூலம். ‘வளர், பெருகு’ என்று செல்லுக்கு உத்தரவிடும் எம்டார் புரதத்தை இது தணிக்கிறது. செல் தன் பழுதான பாகங்களைத் தானே சிதைத்து மறுபயன்பாடு செய்வது கூடுகிறது. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 600 நாள் வயதான எலிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். மனிதக் கணக்கில் அது ஏறக்குறைய 60 வயது. அப்படியும் அதிகபட்ச ஆயுள் பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் கூடியது. இவ்வளவு தாமதமாகத் தொடங்கியும் பலன் கிடைத்ததுதான் இதில் வியப்பு.

மனிதரின் ஆயுளை இது நீட்டிக்கும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கிற மருந்து இது. வாய்ப்புண், கொழுப்பு உயர்வு, சர்க்கரை உயர்வு, புண் ஆறத் தாமதம், தொற்று ஆகியவை தெரிந்த பக்கவிளைவுகள். சில பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் இதன் அளவு பல மடங்கு ஏறும். ஆய்வுக்கு வெளியே, நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இளமைக்கு என்று விற்கிற என்.எம்.என். மாத்திரை சாப்பிடலாமா?

செல்கள் ஆற்றல் பெற உதவும் என்.ஏ.டி. என்ற மூலக்கூறின் அளவை அது ரத்தத்தில் உயர்த்துகிறது. அதனால் மனிதர் அதிக நாள் வாழ்வார் என்பதற்குச் சான்று இல்லை. அதன் நெருங்கிய உறவான என்.ஆர். என்ற பொருள், ராபமைசினைச் சோதித்த அதே அமெரிக்க எலி ஆய்வுத் திட்டத்தில் ஆயுளைக் கூட்டவில்லை. அந்தப் பணத்தில் ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கலாம்.

உணவைப் பாதியாகக் குறைத்தால் இளமை நீடிக்குமா?

பாதி வேண்டவே வேண்டாம். உடல் பருமன் இல்லாதவர்களைக் கொண்டு இரண்டு ஆண்டு நடந்த ‘கேலரி’ ஆய்வில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக 12 சதவீதம்தான் குறைக்க முடிந்தது. அதிலேயே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. கூடவே எலும்பின் அடர்த்தியும் தசையும் கொஞ்சம் குறைந்தன. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு இருந்தால் மெதுவாகக் குறையுங்கள், பளுப் பயிற்சியோடு. மெலிந்தவர்களும் 65 வயதைக் கடந்தவர்களும் இதில் தாமாக இறங்கக் கூடாது.

வயதுக்கு 138 ரத்த அழுத்தம் சரிதான் என்கிறார்கள். எனக்கு 66 வயது.

‘வயதுக்குச் சரி’ என்று விட்டுவிட வேண்டியதில்லை. 2015-இல் வெளியான ‘ஸ்பிரிண்ட்’ ஆய்வில், இதய நோய் ஆபத்து கூடிய, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மேல் அளவை 120-க்குக் கீழ் கொண்டுவர முயன்றார்கள். 140-க்குக் கீழ் போதும் என்று விடப்பட்டவர்களைவிட இறப்பு 27 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை.

வீட்டில் அளக்கும்போது சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். கால் மேல் கால் போட்டால் அளவு கூடிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவை எவ்வளவு இறக்கலாம் என்று அவர் முடிவு செய்ய அது வேண்டும்.