பிரிக்காமல் நான்கு வருடமாகக் கிடக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றலாமா? ஆயிலுக்குக் காலாவதி உண்டா?

ஊற்றலாம். சீல் உடையாமல், வெயில் படாத இடத்தில் கிடந்திருந்தால், அதோடு அது உங்கள் வண்டிக்கு உண்டான ரகமாகவும் இருந்தால். பெரும்பாலான கம்பெனிகள் பிரிக்காத கேனுக்கு இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை சொல்கின்றன, ஒவ்வொருவர் கணக்கும் வேறு. தயாரித்த மாதமும் வருடமும் பேட்ச் நம்பர் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள், கடை அலமாரியில் அது எத்தனை நாள் தூசி தின்றதோ.

பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்த எண்ணெய், கேனில் நான்கு வருடத்தில் கெட்டுவிடுமா என்று கேட்பார்கள். எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாதுதான். அதில் கலந்திருக்கும் சரக்குதான் பிரச்சினை: அழுக்கை இழுத்துப் பிடிப்பது, நுரையை அடக்குவது, தேய்மானத்தைக் குறைப்பது என்று பலதையும் சேர்த்திருப்பார்கள், நாளாக ஆக அதில் சில அடியில் தங்கிவிடும். குலுக்கிவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. கலங்கலோ, கட்டியோ, அடியில் வண்டலோ தெரிந்தால் இன்ஜின் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பிரித்த கேன் கதையே வேறு. பாலக்கோடு பக்கம் என் மாமாவுக்குத் தக்காளித் தோட்டமும் ஒரு பழைய டிராக்டரும் உண்டு. ஆயில் மாற்றியபோது இரண்டாவது கேனில் பாதி மிச்சமாகிவிட, அதைக் கொண்டுபோய் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வருடம் நான் போயிருந்தபோது அதை எடுத்து ஊற்றச் சொன்னார். மூடி எங்கே மாமா என்றேன். "அது எங்கயோ உருண்டு போச்சு மாப்ளே, அதான் துணி சுத்தி வெச்சிருக்கனே" என்றார். சாய்த்துப் பார்த்தால் தேன் நிறத்தில் வரவேண்டிய ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வருகிறது! மாமா நம்பவில்லை, போன வருடம் முந்நூறு ரூபாய் லிட்டர் என்கிறார். சரி என்று தூக்கிப் போட்டிருந்த பழைய தோசைக்கல் ஒன்றை நன்றாகச் சூடாக்கி, தள்ளி நின்று, குச்சி நுனியால் ஒரே ஒரு சொட்டு விட்டேன். ஈரக் கடுகு வெடிக்கிற மாதிரி சடசடவென்று தெறித்தது. நல்ல ஆயில் சும்மா புகையும், அவ்வளவுதான். வெடித்தால் உள்ளே தண்ணீர் என்று அர்த்தம். சத்தம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் என்னத்த தாளிக்கிறீங்க?" என்றார்.

மழை நேராக உள்ளே விழவில்லை, தண்ணீர் வந்தது காற்றில். பாதி காலியான கேனில் மிச்சம் இருப்பது காற்றுதானே, பகலில் தகரக் கூரைச் சூட்டில் அது விரிந்து வெளியே போகும், ராத்திரி குளிரில் சுருங்கி ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். நம் பக்கம் மார்கழியில் பகலுக்கும் ராத்திரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. சீல் உள்ள பேரலைக்கூட வெளியே நிமிர்த்தி வைத்தால் இதே கதைதான்: மூடிகள் இருக்கும் மேல்தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும், பேரல் மூச்சு விடும்போது மரை வழியாக அதைக் குடித்துவிடும். வெளியே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் படுக்கப் போடுங்கள், இரண்டு மூடியும் ஆயில் மட்டத்துக்குக் கீழே வருகிற மாதிரி.

இப்போது ரகம். பைக்குக்கு, கேனில் ஜாசோ (ஜப்பான்காரர்களின் வாகனத் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும், பெரும்பாலான பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கும் என்பதால் காருக்கான ஆயிலை ஊற்றினால் அது வழுக்கலாம். கேனில் இருக்கும் 20டபிள்யூ-40 மாதிரி எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்பவை; பழைய வண்டிக்கு வாங்கி வைத்த 20டபிள்யூ-40 கேனை, 10டபிள்யூ-30 கேட்கும் புது வண்டிக்கு ஊற்றாதீர்கள். டீசல் வண்டி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் இன்னும் கவனம், புகை வடிகட்டி உள்ளவற்றுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் போட வேண்டும், பழைய ஸ்டாக் டீசல் ஆயில் அந்த வடிகட்டியை அடைத்துவிடும்.

கேன் ஆயிலுக்கு இவ்வளவு கவலைப்படுகிறோம், ஆனால் இன்ஜினுக்குள் கிடக்கும் ஆயிலை யாரும் கேட்பதில்லை. வண்டி ஓடவே இல்லை, எதற்கு மாற்றணும் என்பார்கள். எரிந்த பெட்ரோலின் அமிலமும் ஈரமும் அதில் ஏற்கெனவே கலந்து ஊறிக்கொண்டிருக்கிறது, வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் போகிற வண்டியில் இன்ஜின் முழுசாகச் சூடேறாததால் அந்த ஈரம் ஆவியாகவும் செய்யாது. கிலோமீட்டர் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மாமாவின் அரை கேனை சென்ட்ரிங் வேலை செய்கிற பையன் பலகைக்குத் தடவ வாங்கிக்கொண்டு போனான். நான் இப்போது மிச்ச ஆயில் எதுவானாலும் மூடியை இறுக்கி, பிரித்த தேதியை மார்க்கரில் கேன் மேலேயே எழுதி, வீட்டுக்குள் பீரோவுக்குப் பின்னால் வைக்கிறேன். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம், அதற்குள் டாப்-அப்புக்குப் போய்விடும்.