சாவியைத் திருப்பும் முன் வலது கையைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். மகன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கித் தந்திருக்கிறான். தொடவே பயமாக இருக்கிறது. எப்படிப் பழகுவது? லைசென்ஸ் வேண்டுமா?
– ஒரு வாசகி, திருமயம்

பதில்: சகோதரி, நானும் உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரிதான். 1992-ல் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் நம் ஊர்ப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியதே, அப்போது பழகியவள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினோம். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒருத்தி ஓடி வருவாள்.

ஸ்கூட்டருக்கு அப்படி யாரையும் பிடிக்கச் சொல்லாதீர்கள். வண்டி பாய்ந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு போகும். சைக்கிளில் பயம் வந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்போம். இதில் வலது கைப்பிடிதான் ஆக்ஸிலேட்டர். இறுக்கும்போது மணிக்கட்டு தன்னால் முறுகிவிடும். பெட்ரோல் வண்டி உறுமி எச்சரிக்கும். மோட்டாருக்குச் சத்தமில்லை, நின்ற இடத்திலேயே முழு இழுவையும் உண்டு. வாங்கிய புதிதில், வண்டி ஆனில் இருப்பது தெரியாமல் ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். திண்ணைப்படியில் போய் மோதி, முழங்காலில் ஆறு தையல். அன்றிலிருந்து, தள்ளும்போது சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

முதல் இரண்டு நாள் ஆன் செய்யவே வேண்டாம். காலையில் பள்ளி மைதானத்தில், மணல் இல்லாத கெட்டித் தரையாகப் பார்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பிடித்து நிறுத்துங்கள். எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்புக்குப் புரியட்டும். பிறகு உட்கார்ந்து, இரு காலாலும் உந்திப் போங்கள். மூன்றாம் நாள், வேகம் குறைவான எக்கோ மோடில் வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் பிடித்தால் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும். பிரேக்கை விட்டபின் நூலளவு முறுக்குங்கள், உடனே விடுங்கள். பத்தடி போய் நிற்பதை ஐம்பது தடவையாவது செய்யுங்கள். நிறுத்தக் கை பழகிய பிறகு ஓட்டுவது தானே வரும். மைதானத்திலும் ஹெல்மெட் கழற்றக் கூடாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

லைசென்ஸ் விஷயம்: மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குள் மோட்டார் உள்ள வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. உங்களுடையதில் பச்சை நம்பர் பிளேட் இருந்தால் அது பதிவு செய்த வண்டி, எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கட்டாயம் எடுக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியதால் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் கழித்து, லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டலாம்.

தெருவுக்கு வந்ததும் இன்னொன்று. நீங்கள் வருவது முன்னால் நடக்கும் பெரியவர்களுக்கோ, குறுக்கே ஓடும் பிள்ளைகளுக்கோ கேட்காது. ஒவ்வொரு முக்கிலும் ஹார்ன் அடியுங்கள். முந்தானையைச் சுற்றிச் செருகிய பிறகே உட்காருங்கள்.