லோயிமுலோஹி முதல் லெட்டு வரை: பின்லாந்துக் கோடைச் சமையல் கேள்வி பதில்

கேள்வி: யுஹான்னுஸ் என்ற நடுக்கோடைத் திருவிழாவுக்கு நண்பரின் ஏரிக்கரைக் குடிலுக்குப் போகிறோம். லோயிமுலோஹி, அதாவது பலகையில் பொருத்தித் தீயருகே சுடும் சால்மன் மீன், எப்படிச் சுடுவது?

பதில்: விரிவாகவே சொல்கிறேன். முள் நீக்கிய சால்மன் பாதி, தோலோடு வேண்டும். கல்லுப்புத் தூவி ஒரு மணி நேரம் விடுங்கள். பலகையைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, தோல் பலகையில் படும்படி மீனை மர ஆணிகளால் இறுக்குங்கள். பிறகு எரியும் பிர்ச் விறகின் பக்கத்தில் பலகையைச் சற்றே சாய்த்து நிறுத்துங்கள். மீன் இருக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நாலைந்து நொடியில் இழுத்துக்கொள்ளத் தோன்றினால் தூரம் சரி. சதையில் வெள்ளையாகத் திரண்டு கசிந்தால் சூடு அதிகம், பலகையைப் பின்னால் நகர்த்துங்கள். பாதியில் தலைகீழாகத் திருப்புங்கள். மொத்தம் ஒரு மணி நேரம் பிடிக்கும். கூடவே வெண்ணெயும் டில் (சதகுப்பை) இலையும் போட்ட புது உருளைக்கிழங்கு.

தீ மூட்டும் முன் காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காட்டிலும் அதை ஒட்டியும் திறந்த தீ கூடாது, சொந்த நிலமானாலும்.

கேள்வி: தீக்கொழுந்து எதற்கு? தணல்தான் சீராகச் சுடும்.

பதில்: கம்பி வலையில் படுக்கவைத்தால் தணல் அருமை. நிற்கும் பலகைக்கு அது போதாது. தணல் தரையோடு கிடப்பதால் கீழ்முனை வேகும், மேல்முனை பச்சையாக நிற்கும். உயர்ந்து எரியும் தீதான் பலகை முழுக்கச் சூடு தரும்.

கேள்வி: தணல் என்றவரை ஆதரிக்கிறேன். கொழுந்தில் மீன் கரி பிடிக்கிறதே?

பதில்: அது ஈர விறகின் வேலை, அல்லது பிசின் உள்ள பைனின் வேலை. காய்ந்த பிர்ச் போட்டு, காற்று வரும் பக்கம் பலகையை வையுங்கள். இதில் நான் மாறப்போவதில்லை.

கேள்வி: பைன் விறகு பரவாயில்லையா?

பதில்: மேலே இருக்கிறது. வேண்டாம்.

கேள்வி: லெட்டு, அந்த மெல்லிய பான்கேக், பிய்ந்துபோகிறது.

பதில்: மாவை அரை மணி நேரமாவது ஊறவிடுங்கள். மூரிக்கா என்ற அகன்ற இரும்புத் தட்டு நன்றாகக் காய்ந்து, வெண்ணெய் சடசடவென்று பொரிந்ததும் மெல்லிசாக ஊற்றுங்கள். ஓரம் சல்லடைபோல் பழுப்பானதும் திருப்புங்கள். அதே தட்டில் ரை மாவில் புரட்டிய முய்க்கு என்ற சிறிய ஏரி மீனும் பொரியும்.

கேள்வி: பால்டிக் கடல் சால்மன் குழந்தைக்குத் தரலாமா?

பதில்: டயாக்சின் என்ற நச்சு இருப்பதால் பின்லாந்து உணவு ஆணையம் குழந்தைகளுக்கு மாதம் ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம் என்கிறது. மேல்விவரம் அவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: மூரிக்காவில் பிரியாணி?

பதில்: எனக்குத் தெரிந்த சமையல் அல்ல.

கேள்வி: காட்டில் விரும்பிய இடத்தில் தீ மூட்டலாம்தானே?

பதில்: கூடாது. பெர்ரி பறிக்க யாரையும் கேட்க வேண்டாம், ஆனால் தீக்கு நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்த அனுமதியும் செல்லாது.